கடைசி நாலு கிலோவும் என் 21,500 ரூபாயும்

முட்டியில் அடிபட்டு, நடைப்பயிற்சி நின்றுபோய், எடை மட்டும் ஏறுகிறதே என்று தவிக்கிற மதுரைக்காரர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். நான் ஏமாந்த எடைக் குறைப்பு நிலையத்தின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, நாளைக்கே வேறு பெயரில் போர்டு மாட்ட அவர்களுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போதும். நம்ம ஊரில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்? அதனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் கோக்கிற வேலை பார்க்கிறேன். வயது 46. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்தே செய்கிற பிழைப்பு. 81 கிலோ இருந்தேன். சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். ஒரு சுற்று 1,200 மீட்டர் வரும். தினமும் நாலு சுற்று. பதினோரு மாதத்தில் 72-க்கு இறங்கினேன். என் 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 68 கிலோ இருந்தால் நல்லது என்றார் டாக்டர். இன்னும் நாலே நாலு கிலோ.

அப்போதுதான் விழுந்தேன். பெரிய விபத்தெல்லாம் இல்லை. ஐப்பசி மழையில் கீழமாரட் வீதியில் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது கால் வழுக்கி, வலது முட்டி திருகிக்கொண்டது. ஸ்கேனில் உள்பக்க ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஃபிசியோதெரபி போதும், ஆனால் சம்மணம் போடக் கூடாது, படி ஏறக் கூடாது, நடைப்பயிற்சி இரண்டு மாதத்துக்குக் கிடையாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆறே வாரத்தில் எடை 73.4.

81-இல் இருந்தபோதுகூட இல்லாத பதற்றம் இந்த ஒன்றரைக் கிலோவில் வந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். தினமும் மூன்று வேளை எடை பார்ப்பேன். என் மனைவி மெஷினைத் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் காலைப் பேப்பருக்குள்ளிருந்து பிட் நோட்டீஸ் ஒன்று விழுந்தது.

‘முட்டி வலியா? நடக்க முடியவில்லையா? உட்கார்ந்தபடியே 5 கிலோ குறையுங்கள்! குறையாவிட்டால் பணம் வாபஸ்!’ பக்கத்தில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வயிறுகளின் படம். அந்தப் படத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது யோசிக்கவில்லை.

முட்டி வலிக்காரர்களைக் கூப்பிடும் அந்த இடம் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக நொண்டிக்கொண்டே ஏறினேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருவர். எல்லாரும் அவரை ‘மேடம்’ என்றார்கள். அவர் டாக்டரா, டயட்டீஷியனா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, “சார், ஒரு கிலோ குறைஞ்சா நீங்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலயும் முட்டிக்கு நாலு கிலோ சுமை குறையும், தெரியுமா?” என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து உண்மையாகவே அப்படிக் கண்டறிந்திருக்கிறார்கள். இதுதான் நான் சறுக்கிய இடம். முதலில் ஒரு நிஜத்தைச் சொல்லிவிட்டால் அடுத்து வருகிற பத்துப் பொய்யையும் நாம் சோதிப்பதில்லை.

அப்புறம் எடை போட்டார்கள். மணி மாலை ஏழு. மத்தியானச் சாப்பாடு, நாலு மணி டீ, ரெண்டு வடை, எல்லாம் வயிற்றுக்குள். ஜீன்ஸ் பேன்ட், பெல்ட், பையில் சாவிக்கொத்து, போன். 74.6 காட்டியது. “வீட்ல 73.4தான மேடம் இருந்துச்சு” என்றேன். “வீட்டு மெஷின் அப்படித்தான் சார் காட்டும், இது இம்போர்ட்டட்” என்று ஒரு சீட்டையும் உருவிக் கொடுத்தார். கொழுப்பு 33 சதவீதம் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. அந்த மெஷின் கால் வழியாக லேசான மின்சாரத்தை அனுப்பி, உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுகிற சாதனம். தண்ணீர் குடித்தால் ஒரு கணக்கு, வியர்த்தால் வேறு கணக்கு. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

மூன்று மாதத் திட்டம் 36,000 ரூபாயாம். இன்றைக்கே சேர்ந்தால் 21,500. நாளைக்கு வந்தால் பழைய விலை. 11,500-ஐ ஜிபே பண்ணினேன், மீதி இரண்டு தவணை. ரசீது என்று மஞ்சள் காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, பில் நம்பரும் இல்லை. பின்பக்கம் முழுக்க ஐந்து பாயிண்ட் எழுத்தில் நிபந்தனைகள். அய்யா, அந்த ஐந்து பாயிண்ட்டை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். ‘இதைச் சின்னதாப் போட்டுருங்க, யாரும் படிக்க வேண்டாம்’ என்று எத்தனை கடைக்காரர்கள் என் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நானே படிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

வாரத்துக்கு நாலு நாள், காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். முதலில் வயிற்றைச் சுற்றிச் சூடாகும் பெல்ட் ஒன்றைக் கட்டி நாற்பது நிமிடம் படுக்க வைப்பார்கள். பனியன் பிழிகிற அளவுக்கு வியர்க்கும். அடுத்து அதிரும் பலகை ஒன்று. முட்டியைக் கொஞ்சம் மடக்கி அதன்மேல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். “முட்டியை மடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றேன். “இது எக்சர்சைஸ் இல்ல சார், ரத்த ஓட்டம்” என்றான் அந்தப் பையன். இருபது வயதுகூட இருக்காது. அது முடிந்ததும், டிராயரோடு எடை. காலையிலும் ராத்திரியிலும் டப்பாவில் இருக்கும் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். சோறு, இட்லி, தோசை எதுவும் கூடாது. படுக்கப் போகும்போது ‘மூலிகை டீ’.

நாலாவது வருகையில் 71.5. “மூணு கிலோ நூறு கிராம் சார்!” என்று கை தட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

அந்த மூன்று கிலோ எங்கே போனது என்று இப்போது சொல்கிறேன். சாயங்காலம் சட்டை, சாவி, சாப்பாட்டோடு போட்ட எடைக்கும் காலையில் வெறும் வயிற்றோடு போட்ட எடைக்கும் நடுவிலேயே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அடுத்தது, மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால், தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் கரையும். அது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அந்தத் தண்ணீரும் கூடவே போய்விடும். மூன்றாவது, பெல்ட்டில் போன வியர்வை. இதில் கொழுப்பு எங்கே இருக்கிறது? ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாலு வருகையில் மூன்று கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் நான் பட்டினி கிடந்து இங்கிருந்து மேலூர் வரைக்கும் தினமும் ஓடியிருக்க வேண்டும்.

81 கிலோவில் வருகிறவரைவிட என்னை மாதிரி நாலு கிலோ பாக்கி உள்ளவன்தான் அவர்களுக்கு லாபம் என்று இப்போது புரிகிறது. எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையான சாப்பாடும் குறையும், இறங்குவது மெதுவாகும். மாதம் ஒரு கிலோ இறங்கினாலே பெரிது. ஆனால் உடம்பிலுள்ள தண்ணீர் தினமும் ஒரு கிலோ ஏறி ஒரு கிலோ இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் எதை வேண்டுமானாலும் காட்டலாம். நூறு கிலோக்காரரிடம் மூன்று கிலோவைக் காட்டினால் அவர் திருப்திப்பட மாட்டார். நான் அழுதேன்.

அழுததைப் படமெடுத்தார்கள். ‘ரெண்டு நிமிஷம் பேசுங்க சார், மத்தவங்களுக்கு உதவும்’ என்றார் மேடம். ‘கால் நடக்க முடியாத எனக்கே மூணு கிலோ குறைஞ்சிருக்கு’ என்று நானும் பேசித் தொலைத்தேன். ரெண்டே நாளில் பாதி மதுரை பார்த்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் அண்ணன் ஒருவர், 58 வயது, ரெண்டு முட்டியும் தேய்ந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். “தம்பி பேசுனதைப் பாத்தேன், அப்புறம் என்ன கேக்கணும்னு கட்டிட்டேன்” என்றார். இந்தப் பதிவை எழுதுவதற்கு 21,500 ரூபாய் ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாவது வாரம் முட்டி வீங்கியது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், எழுந்து சுவரைப் பிடித்து நிற்பேன். வயிறு வேறு காலையில் நாலைந்து தடவை. ‘டாக்ஸின் வெளியே போகுது சார்’ என்று போனில் பதில்.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அந்த டீப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, விரலால் நகர்த்திப் பார்த்தார். ஒடுக்கமான, பச்சையும் மஞ்சளுமான காய்ந்த இலைத் துணுக்குகள், நடுநடுவே தட்டையான நெற்றின் சிம்பு. மோந்து பார்த்தவர், “ஏல, இது நிலாவாரைல்லா? பேதிக்குக் குடுக்கதை டீன்னு விக்கானா?” என்றார்.

திருநெல்வேலி, தூத்துக்குடிச் செம்மண் தேரிப் பக்கமெல்லாம் விளைகிற செடி அது. உலகச் சந்தையில்கூடத் ‘தின்னவேலி சென்னா’ என்றுதான் அதற்குப் பேர். மலச்சிக்கலுக்கு ஒன்றிரண்டு நாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் குடித்தால் தண்ணீரும் பொட்டாசியமும் வெளியேறும், கால் பிடித்து இழுக்கும், எடை மெஷினில் முள் இறங்கும். கொழுப்பு அசையாது. மாவு டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினாலு இலக்க எண்ணாவது இருந்தது. டீயோ சும்மா ஜிப் கவரில் வந்தது. லேபிள் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை, தேதி இல்லை. சிம்மக்கல்லில் சுக்குப் பொட்டலம் கட்டுகிற கடையில்கூட ஒரு சீட்டு ஒட்டித் தருகிறார்கள்.

எலும்பு டாக்டரிடம் ஓடினேன். முட்டியில் தண்ணீர் கோத்திருந்தது. அவர் கத்தவில்லை. டேப்பை எடுத்து ரெண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை ரெண்டு சென்டிமீட்டர் குறைவு. “அடிபட்ட காலுக்கு வேலை கொடுக்காம, சோத்தையும் நிறுத்தினா முதல்ல போறது சதைதான். உங்க முட்டியைத் தாங்குறதே இந்தத் தொடைச் சதைதான். அதைக் கரைக்கவா காசு கொடுத்தீங்க?” என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மறுபடியும் அந்தப் பதினெட்டுப் படி. மேடம் சிரித்த முகம் மாறாமல் என் மஞ்சள் ரசீதை வாங்கித் திருப்பி, பேனாவால் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். ‘90 சதவீத வருகை இல்லையெனில் உத்தரவாதம் செல்லாது.’ முட்டி வீங்கி நான் ஐந்து நாள் வரவில்லை அல்லவா? அதற்குக் கீழே: ‘முன்பே காயம் உள்ளவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.’ நோட்டீஸில் இருபத்து நாலு பாயிண்ட்டில் ‘முட்டி வலியா?’ என்று கூப்பிட்டவர்கள், பின்பக்கத்தில் ஐந்து பாயிண்ட்டில் முட்டி வலிக்காரனைக் கைகழுவி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படம் எங்கே பார்த்தது என்பதும் அந்த வாரம்தான் ஞாபகம் வந்தது. பழைய ஃபைல்களில் ஒரு கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையைத் தேடும்போது, சில வருடங்களுக்கு முன் ஒரு லேகியக் கடைக்கு நான் செய்து கொடுத்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. அதே ரெண்டு வயிறு. எங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கிற இலவசப் படத் தொகுப்பிலிருந்து நானே எடுத்துப் போட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். ‘முன்’ வயிற்றில் தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு மச்சம். ‘பின்’ வயிற்றில் மச்சம் இல்லை. ஆளே வேறு. லேகிய நோட்டீஸ் செய்தபோது எனக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். யார் பார்த்து யார் வாங்குவார்கள் என்றெல்லாம் நினைக்கவில்லை. மேடத்தைத் திட்ட வாயெடுத்தால் இது தொண்டையில் வந்து நிற்கிறது.

சட்டத்தில் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். நான் பேசிப் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். சேவையில் குறை இருந்தும் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதில் வருகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிற சட்டம் 1954 முதல் இருக்கிறது. ஆனால் இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். என்னிடம் மஞ்சள் ரசீது, ஜிபே விவரம், நோட்டீஸ், ஒரு பொட்டலம் டீ, டாக்டர் சீட்டு எல்லாம் இருந்தன. 1915-இல் பதிவான மூன்றாவது வாரம் அவர்களே கூப்பிட்டு 7,000 தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றேன். என் வீடியோவை நீக்கினால்தான் பேச்சே என்றேன்.

எடை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சோறு தின்ன ஆரம்பித்த நாலாம் நாள் 73.2. போன தண்ணீர் வீடு திரும்பிவிட்டது. அப்புறம் ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒழுங்காகப் போனேன். ஒரு தடவைக்கு 300 ரூபாய். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்கிப் பத்து எண்ணுவது, நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு கிலோ டம்பெல்லைத் தூக்குவது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலைகள். இதில் எடை குறையாது என்று அவரே சொல்லிவிட்டார். இது தொடைக்கு, எடைக்கு வாய் என்றார்.

தெப்பக்குளத்தில் நாலு சுற்று நடந்தபோது எனக்குச் செலவானது ஏறக்குறைய 250 கலோரி. அச்சகத்தில் ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி, அதுவே 200 கலோரி. நாலு மணி வடை ஒன்று நூறுக்கு மேல். ஆக நான் இழந்த நடை முழுக்க டீக்கிளாஸுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சீனியை விட்டேன், வடை வாரம் ஒரு நாள் ஆனது. வீட்டில் எண்ணெய்த் தூக்கிலிருந்து அப்படியே ஊற்றாமல் ஸ்பூனால் அளக்கச் சொன்னேன். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. மனைவி முதலில் முறைத்தாள், இப்போது அவளும் அளக்கிறாள். மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைத்து, முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொண்டேன். கறி தோசையை விடவில்லை. விட்டால் நான் மதுரைக்காரனா? மாதத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடை. மூன்று மாதத்தில் 70.9. இன்னும் மூன்று கிலோ பாக்கி இருக்கிறது. முட்டி வீங்கவில்லை. போன வாரம் தெப்பக்குளத்தில் ஒரே ஒரு சுற்று, மெதுவாக.

வீடியோவை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எடுக்கவில்லை. என் குரலை மட்டும் நீக்கிப் பாட்டைப் போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். என் வாய் அசைகிறது, கண்ணைத் துடைக்கிறேன். பைண்டிங் அண்ணன் 15,000 ரூபாயை ரொக்கமாகவே கட்டியிருக்கிறார். ரசீது கேட்கவில்லையாம், நான் பேசின வீடியோ இருந்ததால். அவர் பணம் கட்டிய அன்றைக்குக் கூட வந்த மருமகனைச் சாட்சியாகப் போடலாமா என்று கேட்க, வருகிற செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருமாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். அவருக்கும் படி ஏற முடியாது, ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.